வயிற்றில் டியூப் வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா?

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. மகனுக்கு மூன்றரை வயது, செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் தசைகள் கட்டுப்பாட்டில் இல்லாத நிலை), கூடவே வலிப்பு. தலை இன்னும் நிற்கவில்லை. எடை 8.2 கிலோ, ஒன்பது மாதமாக ஏறவே இல்லை. ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. ஒரே வருடத்தில் நிமோனியாவுக்கு மூன்று முறை அட்மிஷன். உணவு நேராக உள்ளே போக வயிற்றில் டியூப் வைக்கச் சொல்கிறார் டாக்டர், "அதை வைத்தால் பிள்ளை வாயால் சாப்பிடவே மறந்துபோவான்" என்று மாமியார் தடுக்கிறார். வைக்கலாமா என்பதுதான் நீங்கள் கேட்டது. ஆனால் கேள்வியின் கடைசி நாலு வரியில் வேறொன்றும் இருக்கிறது: நான் ஊட்டும் விதம் சரியில்லையோ, டியூப் வைத்தால் என்னால் முடியவில்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம். விழுங்குவதில் சிரமமுள்ள குழந்தைகளோடு பல வருடங்களாக வேலை செய்யும் ஸ்பீச் தெரபிஸ்ட் என்ற முறையில் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். பையனை நான் நேரில் பார்க்கவில்லை. மருந்தின் அளவும் ஆபரேஷன் முடிவும் உங்கள் டாக்டரோடு பேசி எடுக்க வேண்டியவை.

பயத்துக்கு முதலில் பதில். ஒரு வாய்ச் சோறு உள்ளே இறங்க இருபதுக்கும் மேற்பட்ட தசைகள் வரிசை தப்பாமல் வேலை செய்யவேண்டும். அந்த ஒரு நொடி மூச்சும் நிற்கவேண்டும். இந்த வரிசையை நடத்துவது மூளை. உங்கள் பையனுக்கு அடிபட்டிருப்பது அங்கேதான். நாக்கு உணவைப் பின்னால் தள்ளுவது தாமதமாகிறது, மூச்சுக்குழாயின் வாய் மூடுவதற்குள் கொஞ்சம் உணவு அதற்குள் போய்விடுகிறது. எவ்வளவு பொறுமையாக ஊட்டினாலும் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து ஊட்டுகிறவரிடம் குறை தேட எதுவும் இல்லை.

இனி முதல் கேள்வி. நீங்கள் சொன்ன விவரங்கள் சரியென்றால் டாக்டர் சொல்வது நியாயம்தான், இன்னும் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் கருத்து. நாங்கள் மூன்று விஷயம் பார்ப்போம்: நேரம், எடை, நெஞ்சு. ஒரு வேளைக்கு 30 நிமிடத்துக்கு மேல் வழக்கமாகப் போனால் அது எச்சரிக்கை. மொத்தம் ஒரு நாளில் 3 மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று வழி யோசிக்கவேண்டும். உங்கள் கணக்கில் மூன்று வேளைக்கே அது தாண்டிவிடுகிறது. எடையில், இந்த வயதுப் பையனுக்குச் சராசரி 15 கிலோ பக்கம். செரிப்ரல் பால்சி குழந்தைகளை அந்த அட்டவணையோடு அப்படியே ஒப்பிடக் கூடாது, அவர்களுக்குத் தசையும் எலும்பும் குறைவு. ஆனாலும் வளர்கிற வயதில் ஒன்பது மாதம் எடை ஒரே இடத்தில் நிற்பதற்கு அந்தச் சமாதானம் போதாது. நெஞ்சுக்கு மூன்று நிமோனியாவே சாட்சி. டியூப் என்பது கடைசிக் கட்டத்தில் எடுக்கும் முடிவு என்று நம் பக்கம் ஒரு எண்ணம் இருக்கிறது. உண்மையில் குழந்தை எலும்பும் தோலுமாக ஆவதற்கு முன்பே வைத்தால்தான் பலன் அதிகம், மயக்க மருந்தையும் உடம்பு தாங்கும்.

சாப்பிடும்போது இருமுவதே இல்லை, அதனால் புரை ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மூச்சுக்குழாய்க்குள் உணவு போயும் இருமல் வராத குழந்தைகள் உண்டு, இருமலைத் தூண்டும் உணர்வே அவர்களுக்கு மங்கியிருக்கும். அப்போது வேறு அடையாளங்களைப் பாருங்கள்: ரெண்டு மூணு வாய்க்குப் பிறகு குரல் கரகரவென்று ஈரமாவது, கண் ஓரம் சிவந்து நீர் கோப்பது, உதட்டைச் சுற்றி நிறம் மாறுவது, சாப்பிட்ட பிறகு நெஞ்சில் களகளவென்ற சத்தம், காரணம் தெரியாமல் அடிக்கடி வரும் காய்ச்சல். உறுதியாகத் தெரிய பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுக்கும் பரிசோதனை இருக்கிறது. பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில்தான் செய்கிறார்கள், எழுதிக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டாலும் அதற்காக முடிவைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு வேளை ஊட்டுவதைப் பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் தெரியவேண்டும். களைத்த பிறகு விழுங்குவது எப்படி மாறுகிறது என்பது அதில் தெரியும்.

ஆபரேஷன் தேதி கிடைக்கும்வரை வாயால்தானே ஊட்டவேண்டும், அதைப் பாதுகாப்பாகச் செய்வது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மடியில் மல்லாக்கப் போட்டு, தலையைச் சாய்த்து, பாலாடையால் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். கழுத்து பின்னால் மடங்கும்போது மூச்சுக்குழாய் திறந்து நிற்கும், ஊற்றியது நேராக அதற்குள் போகும். நிமிர்த்தி உட்கார வையுங்கள்: இடுப்பும் முட்டியும் மடங்கி, பாதம் ஒரு பலகையில் பதிந்து, தலை நடுவில், தாடை லேசாக நெஞ்சைப் பார்த்தபடி. இதற்கென்று செரிப்ரல் பால்சி நாற்காலி இருக்கிறது. வரும்வரை சுவர் மூலையில் இரண்டு பக்கமும் சுருட்டிய போர்வை, தொடைகளுக்கு நடுவில் ஒரு சிறு தலையணை போதும். நீங்கள் அவனுக்கு எதிரே, உங்கள் கண் அவன் கண்ணுக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கும்படி உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் உங்கள் முகத்தைப் பார்க்க அவன் அண்ணாந்துவிடுவான், அதோடு கழுத்து போச்சு. உட்கார வைத்தாலே அழுகிறான் என்றால் இடுப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாத இந்தக் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகுவது மிகவும் சகஜம், வலி வரும்வரை யாரும் கவனிப்பதில்லை. இரண்டு வயதிலிருந்தே ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு எக்ஸ்ரே எடுப்பது நல்லது.

ஸ்பூன் குழியில்லாமல் தட்டையாக, சின்னதாக இருக்கட்டும். எவர்சில்வர் ஸ்பூன் பல்லில் பட்டால் சில பிள்ளைகள் கவ்விக்கொண்டு விடமாட்டார்கள். அப்போது இழுக்காதீர்கள், தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக் காத்திருந்தால் தானே விடும். சிலிகான் ஸ்பூனுக்கு மாறினால் இந்தத் தொல்லை குறையும். கால் ஸ்பூன் அளவு எடுத்து, நாக்கின் நடுவில் வைத்து லேசாகக் கீழே அழுத்துங்கள், மேலுதடு தானாக வந்து மூடட்டும், பிறகு நேராக வெளியே எடுங்கள். மேல் ஈறில் வழித்துவிடுகிற பழக்கம் தலையைப் பின்னால் தள்ளும். ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. அழும்போதும், வலிப்பு வந்து அசந்திருக்கும்போதும் எதுவும் கொடுக்கக் கூடாது. 30 நிமிடம் ஆனதும், தட்டில் மீதியிருந்தாலும் நிறுத்துங்கள். அதற்குமேல் உள்ளே போகிற கொஞ்சத்துக்காக அவன் செலவழிக்கும் சக்தியும், புரை ஏறும் ஆபத்தும் அதிகம். முடிந்த பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும்.

தண்ணீரும் பாலும்தான் மிக ஆபத்து, வேகமாக ஓடும். கெட்டியாக்கிக் கொடுங்கள் என்று சொல்லியிருப்பார்கள், சரிதான். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அரிசி மாவு, கேழ்வரகு மாவு போட்டுக் கெட்டியாக்கினால், வாய்க்குப் போன ஸ்பூன் திரும்பக் கிண்ணத்துக்குள் வரும்போதெல்லாம் எச்சில் கலக்கும். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைக்கும். கால் மணி நேரத்தில் கிண்ணத்தில் இருப்பது நீர்த்துப்போகும், ஆரம்பத்தில் ஒழுங்காக விழுங்கியவன் கடைசியில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊட்டுங்கள். முளைகட்டிய கேழ்வரகு மாவிலும் இதே நொதி இருக்கிறது, அதனால் வாய்வழி கொடுக்கும் கஞ்சிக்கு அது ஏற்றதல்ல. ரொம்பக் கெட்டியாக்கினாலும் தொண்டையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சாய்த்தால் ஸ்பூனிலிருந்து மெதுவாக, கட்டியாக விழுகிற பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைக் கூட்ட முடியாதபோது சத்தைக் கூட்டவேண்டும். பத்து கிராம் சத்துமாவில் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் 35 கலோரிதான் இருக்கும், மீதி தண்ணீர். அதில் ஒரு டீஸ்பூன் நெய்யோ தேங்காய் எண்ணெயோ சேர்த்தால் 40 கலோரி கூடும், அளவு கூடாது. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு டீஸ்பூனில் தொடங்கி, வயிற்றுப்போக்கு இல்லையென்றால் டயட்டீஷியனிடம் கேட்டு ஏற்றலாம். மலச்சிக்கலையும் சாதாரணமாக விடாதீர்கள். மூன்று நாள் வயிறு போகாத குழந்தை சாப்பிடாது, உடம்பு விறைக்கும், வலிப்பும் கூடக்கூடும். தினமும் கொடுக்கிற மாதிரி ஒரு மருந்து எழுதிக் கேளுங்கள்.

வலிப்புக்கும் இந்தச் சாப்பாட்டுக்கும் உள்ள தொடர்பை நீங்கள் தனியாகப் பார்க்கிறீர்கள் என்று தோன்றியது. சிரப்பில் பாதியைத் துப்புகிறான் என்கிறீர்கள். அப்படியானால் ரத்தத்தில் மருந்து போதாது, அதனால் வலிப்பு, வலிப்பால் மயக்கம், மயக்கத்தில் ஊட்ட முடியவில்லை. டியூப் வழியாக மருந்து முழு அளவு போவதாலேயே வலிப்பு குறைந்த குழந்தைகள் உண்டு. இன்னொன்று, குளோனாசெபாம், நைட்ராசெபாம் போன்ற மருந்துகள் எச்சிலையும் சளியையும் கூட்டி விழுங்குவதை மந்தமாக்கும். உங்கள் சீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே வீட்டில் இருக்கவேண்டும். எத்தனை முறை அடிப்பது என்று எடைக்கு ஏற்ப டாக்டர் எழுதித் தரவேண்டும், எடை ஏறும்போது அதுவும் மாறும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு கொடுப்பதால் பயன் இல்லை.

இப்போது டியூப். முதலில் சில வாரங்கள் மூக்கு வழியாக டியூப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம், அது நல்ல வழி. எடை ஏறுகிறதா, வாந்தி எடுக்கிறானா என்று தெரியும். ஆனால் மாதக்கணக்கில் மூக்கு டியூபோடு இருப்பது தொண்டையை உறுத்தும், அடிக்கடி பிடுங்கிப் போடுவான். திரும்பப் போடும்போது அது நுரையீரலுக்குள் போகிற ஆபத்தும் உண்டு. காற்றை அடித்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் முறையைப் பல இடங்களில் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது நம்பகமானதல்ல, நுரையீரலில் இருந்தாலும் சத்தம் கேட்கும். டியூபிலிருந்து சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் பட்டையில் வைத்தால் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டவேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிற குழந்தைக்கு அந்த எண் கூடுதலாகக் காட்டும். சந்தேகம் வந்தால் எதுவும் ஊற்றாமல் எக்ஸ்ரே எடுப்பதே வழி.

வயிற்றில் வைப்பது 1980 முதல் எண்டோஸ்கோப் மூலம் செய்யப்படும் சிறிய ஆபரேஷன், பெரும்பாலும் வயிற்றைத் திறக்கத் தேவையில்லை. பெக் என்று சொல்வது இதைத்தான். முதல் மூன்று நாள் முக்கியமானது. ஊற்றும்போது வலியால் துடிப்பது, காய்ச்சல், டியூபைச் சுற்றி ரத்தமோ பாலோ கசிவது இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். பிறகு தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டுத் துடைத்து ஈரமில்லாமல் வைத்தால் போதும். புண் ஆறிய பிறகு டியூபைச் சுழற்றிவிடும் முறையைச் சொல்லிக்கொடுப்பார்கள், அதைச் செய்யாவிட்டால் டியூபின் உள்முனை வயிற்றுச் சுவரில் புதைந்துவிடலாம். துளையைச் சுற்றிச் சிவப்பாகச் சதை வளர்வது பலருக்கும் வருவதுதான், மருந்து வைத்தால் அடங்கும்.

ஊட்டும்போது பிஸ்டன் இல்லாத 60 மில்லி சிரிஞ்சை டியூபில் மாட்டி, கொஞ்சம் உயரத்தில் பிடித்து, தானாக இறங்க விடுங்கள். 20 முதல் 30 நிமிடம் ஆகவேண்டும், அழுத்தித் தள்ளினால் வாந்திதான். முன்னும் பின்னும் 5 முதல் 10 மில்லி கொதித்து ஆறிய தண்ணீர் விடுங்கள். மருந்துகளை உணவோடு கலக்காமல் ஒவ்வொன்றாகக் கொடுத்து நடுவில் தண்ணீர் விடவேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது, எது அந்த வகை என்று பார்மசியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூக்கில் போடும் மெல்லிய டியூபில் வீட்டுச் சாப்பாடு அடைத்துக்கொள்ளும். வயிற்று டியூப் தடிமனாக இருந்தால், மிக்சியில் நைசாக அரைத்து வடிகட்டியது இறங்கும். இங்கே அந்த முளைகட்டிய மாவு உதவும், கூடுதல் மாவு போட்டாலும் கஞ்சி ஓடுகிற பதத்தில் இருக்கும். அரைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஆரம்பத்தில் குறைவாகத் தொடங்கி நாலைந்து நாளில் ஏற்றுவார்கள். சீக்கிரம் எடை ஏறவேண்டும் என்று நீங்கள் அளவைக் கூட்டிவிட வேண்டாம். நீண்ட நாள் சத்துக் குறைவில் இருந்த உடம்பில் திடீரென்று உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். அதனால் முதல் வாரம் ரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

எது உறுதி, எது சந்தேகம் என்று கேட்டிருந்தீர்கள். எடை ஏறும், மருந்து ஒழுங்காகப் போகும், உங்களுக்கு நாளில் சில மணி நேரம் திரும்பக் கிடைக்கும், இவற்றை நம்பிக்கையோடு சொல்லலாம். நிமோனியா நின்றுவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். சிலருக்கு நன்றாகக் குறைகிறது. ஆனால் எச்சிலும், வயிற்றிலிருந்து எதுக்களித்து வருவதும் நுரையீரலுக்குப் போவதை டியூப் தடுக்காது. எதுக்களிப்பு கூடினாலும் கூடலாம். குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட நல்ல ஆய்வுகள் இதில் இல்லை, பார்த்துப் பழகிய அனுபவத்தையும் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளையும் வைத்தே எல்லோரும் பேசுகிறோம். உங்கள் கையில் இருக்கும் ஒன்று பல் துலக்குவது. வாயால் சாப்பிடாத குழந்தைக்கும் தினம் இரண்டு வேளை பல், ஈறு, நாக்கு சுத்தம் செய்யுங்கள். உள்ளே போகிற எச்சிலில் கிருமி குறைந்தால் நெஞ்சுக்கு அவ்வளவு நல்லது.

மாமியார் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது, அதை அவரிடமே சொல்லுங்கள். வாய்க்கு வேலையே இல்லாமல் விட்டால் குழந்தை வாயைத் தொடவே விடாது. அதனால் டியூப் வைத்தாலும் ருசியை நிறுத்தக் கூடாது. வீட்டில் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் அவனையும் நாற்காலியில் உட்காரவைத்து, டியூபில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பருப்பு மசித்தது, மசித்த வாழைப்பழம் என்று ஸ்பூன் நுனியில் தொட்டு நாக்கில் வையுங்கள். எவ்வளவு, எது என்பதை அவனைப் பரிசோதிக்கும் தெரபிஸ்ட் முடிவு செய்யட்டும். வயிறு நிரப்பும் கட்டாயம் போனபிறகு சில குழந்தைகள் முன்பைவிட ஆசையாக வாயைத் திறப்பார்கள். அந்த வேலையை மாமியாரிடமே ஒப்படைக்கலாம். டியூப் நிரந்தரமும் இல்லை. விழுங்குவது மேம்பட்டால் எடுத்துவிடலாம், துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் இவ்வளவு சிரமமுள்ள குழந்தைகளில் பலருக்கு அது நீண்ட காலம் தேவைப்படுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

தென்காசிப் பக்கம் என்று எழுதியிருந்ததால், ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனம் இருக்கிறது, சிறு குழந்தைகளுக்கான தெரபியைப் பல வருடங்களாகச் செய்கிறார்கள். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலும் தெரபி இலவசம். ஊனமுற்றோருக்கான தனித்துவ அடையாள அட்டை வாங்காவிட்டால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். அதை வைத்து மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், வருடத்துக்கு ₹1 லட்சம் வரை, வெளிநோயாளிச் செலவுக்கும் தெரபிக்கும் அதில் இடமுண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு தரும் மாத உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் டாக்டரிடம் எந்த வகை டியூப், என்ன சைஸ், எத்தனை மாதத்தில் மாற்றவேண்டும், மாற்ற என்ன செலவு, ராத்திரியில் கழன்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். டியூப் கழன்றால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். வைத்து இரண்டு மாதம் ஆகாத நிலையில் வீட்டில் திரும்பச் செருகக் கூடாது, நேரே மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். நன்றாக ஆறிய துளை என்றால், பழகிக்கொண்டவர்கள் அதே சைஸ் ஃபோலி கதீட்டரை (நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாய்) செருகித் துளையைத் திறந்து வைத்துக்கொண்டு போகலாம், ஆனால் இடம் சரிதானா என்று டாக்டர் பார்க்கும்வரை எதுவும் ஊற்றக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் நீங்களும் வீட்டில் இன்னொருவரும், கணவரோ மாமியாரோ, நர்ஸ் முன்னால் முழு வேளையும் தனியாக ஊட்டிக் காட்டியிருக்கவேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் உங்களுக்குக் காய்ச்சல் வந்த அன்று அவன் பட்டினி.